அக்கா நனைந்த மழை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கைதட்டலில் கிடைத்தது. அதைச் சொல்லாமல் தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும். பொய்க்கு இந்தக் கதையில் இனி இடமில்லை. இருந்த இடத்தையெல்லாம் நான் ஏற்கெனவே நிரப்பிவிட்டேன்.

2024 ஆகஸ்ட் மாதம். திருத்தந்தை, அதாவது போப்பாண்டவர், சிங்கப்பூருக்கு வரப்போகிறார் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் தரையில் கால் படாமல் திரிந்துகொண்டிருந்தார்கள். தேக்கா சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் எங்கள் கோவில். ஞாயிறு தமிழ்த் திருப்பலி வழிபாடு முடிந்ததும் மண்டபத்தில் 'அன்று நானும் இருந்தேன்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். 1986 நவம்பரில் முதன்முதலாக ஒரு திருத்தந்தை இங்கே வந்து, காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்தில், மழை நாளில் திருப்பலி வைத்தார் அல்லவா? அதை நேரில் பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். நான் கதை எழுதுகிறவள் என்பதால் பந்தியில் பாயசம் வைப்பதுபோல என்னைக் கடைசியாக வைத்திருந்தார்கள்.

பேசினேன். எனக்கு அப்போது ஏழு வயது. வெள்ளைக் கவுன். அப்பா சூசைநாதன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கூட்டத்தில் எனக்குத் தெரியவில்லை என்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மழையில் கவுன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. எங்கேயோ தூரத்தில் வெள்ளையாக ஒரு சின்ன உருவம் கையை உயர்த்தியது. அப்பா அண்ணாந்து என்னிடம் சொன்னார்: "நல்லாப் பாத்துக்க. நான் இல்லாதப்பயும் இது உனக்கு இருக்கும்." அடுத்த ஆண்டே அப்பா இறந்துவிட்டார்.

அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினேன். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். பிறகு கைதட்டல்.

என் அக்கா அற்புதமேரி கடைசி வரிசையில் இருந்தாள். எல்லாம் முடிந்ததும் ஒரு தட்டில் எனக்கு பீஹூன் நூடுல்ஸ் போட்டு எடுத்துவந்து கொடுத்தாள். "நல்லா பேசின ஜெனி," என்றாள். என் முழுப்பெயர் ஜெனிவீவ். முழுப்பெயரில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை, மேடையில் தவிர.

2

நான் பேசியதை யாரோ படம்பிடித்துக் கோவில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றி, ஒரு சிறுபத்திரிகை நடத்தும் அகிலனிடம் போய்ச் சேர்ந்தது. அவர் போன் செய்தார்.

"அப்படியே எழுதிக் குடுங்க மேடம். கற்பனையே வேணாம். நடந்தது மட்டும் போதும்."

சரி என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "அன்று வானமும் அழுதது." (வேண்டாம். வானத்தை அழவைக்கிறவர்களை நானே மேடையில் கிண்டல் செய்திருக்கிறேன்.)

இரண்டாவது: "சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களின் வரலாற்றில் மறக்க முடியாத" (இந்த வாக்கியம் எப்படி முடியும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் முடிக்கவில்லை.)

மூன்றாவது: "அப்பாவின் தோளில் உட்கார்ந்தால்,"

உட்கார்ந்தால்? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மேடையில் பேசும்போது 'மழை', 'தோள்' என்று இரண்டு சொல் போதும், மிச்சத்தைக் கேட்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தாளில் அப்படி ஓட்ட முடியாது. மழை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது? பசித்தபோது என்ன சாப்பிட்டோம்? எத்தனை முறை கண்ணை மூடிப் பார்த்தாலும் எனக்கு வந்தது அதே ஒரு படம்தான். அந்தப் படத்தில் நானே தெரிந்தேன், கவுனோடு, அப்பாவின் தோள்மேல். என் ஞாபகத்தில் என் முகம் எப்படித் தெரியும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எழுதுகிறவளுக்கு இதுகூடத் தோன்றவில்லை என்றால் எதற்கு எழுதுகிறாள்?

3

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் என்பது கையளவுக் கூட்டம். இந்துத் தமிழர்களுக்குத் தீபாவளிக்கு சிராங்கூன் சாலை முழுக்க விளக்குப் போடுகிறார்கள். மற்ற கத்தோலிக்கர்களுக்கு ஆங்கிலமும் மாண்டரினும் இருக்கிறது. நாங்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். எல்லாரோடும் சேர்ந்து நாங்களும் இருந்தோம் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருக்கிற பெரிய நாள் அந்த நாள்தான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வயதுக்கு மேற்பட்ட இருவர் கல்யாணத்திலோ கல்லறைத் தோட்டத்திலோ புதிதாகச் சந்தித்தால், எந்த ஊர், எந்தப் பங்குக் கோவில் என்று விசாரித்த கையோடு, "எய்ட்டி சிக்ஸ்ல எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?" என்று கேட்பார்கள்.

இதற்கு, "நான் போகல" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போனதாகச் சொன்னவர்கள் எல்லாரும் உண்மையாகவே போயிருந்தால் காலாங்கில் இன்னொரு அரங்கம் கட்டியிருக்க வேண்டும். பழைய அரங்கத்தை இடித்து அதே இடத்தில் புதிதாக ஒன்று கட்டியதற்குப் பிறகு இன்னும் வசதியாகிவிட்டது. தூண் எங்கே இருந்தது, படி எங்கே இருந்தது என்று யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது.

நான் அவர்களைக் கேலி செய்கிறேன் என்று நினைத்தீர்களா? நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நேராகச் சொல்ல வாய் கூசுகிறது.

4

கிளமெண்டியில் என் வீட்டிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அம்மாவும் இறந்துவிட்டபின், பழைய கதை கேட்க அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

"அக்கா, நானும் அப்பாவும் ஸ்டேடியம் போனோம்ல, அன்னிக்கு அம்மா என்ன கட்டிக் குடுத்தாங்க? நீ வீட்டுலதானே இருந்த, ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"சார்டின் ரொட்டி," என்றாள். "மழையில ஊறிப் பிஞ்சு போச்சு. அப்பா வழிச்சு வழிச்சு ஊட்டுனாரு."

எழுதிக்கொண்டேன். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? தோள்ல உக்காந்தா சட்டைக் காலர் தொடையில உரசும். அம்மா கஞ்சி போட்டு வச்சிருந்தாங்க. நனைஞ்சதும் மெத்துனு ஆயிருச்சு. அப்பா ரெண்டு கணுக்காலையும் கெட்டியாப் புடிச்சிருந்தாரு. ஒரு கையில மோதிரம். அது அழுத்துச்சு. வலிக்குதுன்னு சொன்னா இறக்கி விட்டுருவாரோன்னு சொல்லல."

பேனா ஓடிக்கொண்டிருந்தது. எப்பேர்ப்பட்ட விவரங்கள்! இதை எல்லாம் எழுதினால் அகிலன் கொண்டாடுவார் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.* பாதி பக்கம் நிறைந்த பிறகுதான் என் கை நின்றது.

"உனக்கெப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"நீதான் சொல்லியிருக்க லா," என்றாள். "சரி வை, அடுப்புல சோறு இருக்கு."

நான் சொன்னதே இல்லை. சொல்வதற்கு எனக்குத் தெரியாது.

* இந்த வாக்கியத்தை அடித்துவிட நினைத்தேன். என் மானம் போகட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

5

அந்த சனிக்கிழமை புக்கிட் மேராவுக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவள் மகள் செரினா. பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போகிறவள். எதையும் மறைத்துப் பேசத் தெரியாது.

"சித்தி, அன்னிக்கு ஹால்ல நீங்க பேசினப்போ மம்மி பாதியில எழுந்து டாய்லெட் போய்ட்டாங்க, தெரியுமா? ஐ தாட் வயிறு சரியில்லன்னு. பாத்தா கண்ணெல்லாம் ரெட்."

"செரினா, உள்ள போ," என்றாள் அக்கா.

மேசையில் பயற்றங்காயை ஒடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. (கதைக்குத் தொடக்கம் கிடைக்காததைவிட இது கொடுமையாக இருந்தது.) கடைசியில் கேட்டேவிட்டேன்.

"தோள்ல உக்காந்தது நீயாக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு."

"உனக்கு அம்மை போட்டிருந்துச்சு ஜெனி. அப்பாவுக்குக் கோவில்ல குடுத்தது ரெண்டே டிக்கெட்டு. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு உனக்கு. உன்னத்தான் கூட்டிட்டுப் போறதா இருந்தாரு. ரெண்டு நாள் முன்னாடி உனக்குக் கொப்புளம் வந்துருச்சு. அம்மா உன்ன விட்டு வர முடியாது. அதான் நான் போனேன்."

"உனக்கு அப்ப ஒம்பது வயசு."

"அதான் சொன்னேன். பெரிய புள்ளையாச்சே, உங்களுக்கு வலிக்கும்பா, இறக்கி விடுங்கன்னேன். அவர் கேக்கல." ஒரு பயற்றங்காயை எடுத்தாள், ஒடிக்கவில்லை. "அதுக்கு முன்னாடி அவரு என்னத் தூக்குனதே எனக்கு ஞாபகம் இல்ல."

அப்பாவின் செல்லம் நான்தான். இதை நான் மேடையில் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சந்தைக் கூட்டத்தில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். அக்கா பின்னால் மீன் பையைப் பிடித்துக்கொண்டு வருவாள். காலாங்கில் ஒரே ஒரு சாயங்காலம் அவளுக்கென்று ஒரு அப்பா கிடைத்தார். அதைத்தான் நான் ஒலிபெருக்கியில் எடுத்துக்கொண்டேன்.

"ஏன்க்கா நீ ஒரு வார்த்தை சொல்லல? இத்தனை வருஷமா நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியறேன்."

"என்னன்னு சொல்றது? டிக்கெட்டு உனக்குன்னு எடுத்ததுதானே. உன் இடத்துலதான நான் போய் உக்காந்தேன். நீ சொல்றப்ப, சரி, அவளுதுதான், திரும்ப எடுத்துக்கிறான்னு நெனச்சுக்குவேன்." பிறகு சிரித்தாள். "அதோட நீ நல்லா சொல்ற லா. நான் சொன்னா யாரு உக்காந்து கேப்பா?"

அவள் கோபப்பட்டிருக்கலாம். அப்படியானால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நானும் ஒரு பயற்றங்காயை எடுத்து ஒடித்தேன். என்னைவிட எனக்கு யாரும் கேவலமாகத் தெரியவில்லை அந்த நிமிஷம்.

6

என்ன நடந்திருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். (இது என் தரப்பு வாதம். நீங்கள் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.)

அந்த வெள்ளைக் கவுன் அக்காவின் புதுநன்மைக்கு, அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளுக்கு, தைத்தது. அவள் புதுநன்மை வாங்கிவிட்டாள் என்பதால் அதைப் போட்டுத்தான் அம்மா அனுப்பியிருக்கிறாள். மறு வருஷம் என் புதுநன்மைக்கு அதே கவுனைப் பிரித்துத் தைத்து எனக்குப் போட்டார்கள். எங்கள் வீடுகளில் அப்படித்தான், மூத்தவளின் கவுன் இளையவளுக்கு வரும். அதைப் போடும்போது அம்மா, "இதைப் போட்டுட்டுத்தான் போப்பாண்டவரப் பாத்தது" என்று சொல்லியிருப்பாள். யார் பார்த்தது என்று சொன்னாளோ என்னவோ, கவுன் என் உடம்பில் இருந்தது. தோள் எனக்குத் தேக்காவில் பழக்கம். மழையும் எனக்குத் தெரியும். உடம்பெல்லாம் ரோஸ் நிறக் காலமைன் மருந்து பூசி, என்னைச் சன்னலோரம் படுக்கவைத்திருந்தார்கள். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. எல்லாரையும் வெறுத்துக்கொண்டு கிடந்தேன். அது வேறு ஏதோ ஒரு நாள் என்றுதான் நாற்பது வயதுக்கு மேலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, துண்டுகள் எல்லாம் என்னுடையவை. நாள் மட்டும் என்னுடையதில்லை. திருடியது ஏழு வயதுப் பிள்ளை, அதற்கு அப்பா செத்துப்போயிருந்தார். இதுவரை வாதம் நன்றாகத்தான் போகிறது.

ஆனால் அப்பா அண்ணாந்து சொன்னதாக நான் சொன்னேனே, "நான் இல்லாதப்பயும் இது உனக்கு இருக்கும்" என்று, அதை எந்தப் பிள்ளையும் திருடவில்லை. இருபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பட்டிமன்றத்தில் தேவைப்பட்டது, நானே செய்துகொண்டேன். முதல் தடவை சொல்லும்போது நானே செய்தது என்று தெரியும். மூன்றாம் தடவைக்குள் அப்பாவின் குரலில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. புக்கிட் மேராவிலிருந்து பேருந்தில் திரும்பி வரும்போது நான் அழுதேன். அழுதுகொண்டே, மேடையில் சொன்னதைவிட இது நல்ல கதை என்று நினைத்தேன். ஒன்பது வயதுப் பெரிய பிள்ளை, மோதிரம் அழுத்துகிறது என்று சொல்லாமல் இருந்தது. ஏழு வயதுக் குழந்தையைத் தூக்குவதில் என்ன இருக்கிறது, எல்லா அப்பாக்களும் தூக்குவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனசு இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தது. இதை எழுதும்போதும் போடுகிறது.

7

செப்டம்பரில் திருத்தந்தை வந்தார். அவருடைய திருப்பலிக்குக் குலுக்கலில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. புதிய அரங்கத்துக்கு அக்காவும் நானும் சேர்ந்து போனோம். அதே காலாங். மேலே கூரை இருக்கிறது, மழை உள்ளே வராது. அக்கா நின்று சுற்றும்முற்றும் பார்த்தாள். எந்த இடம் என்று தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

வரிசையில் எங்கள் கோவிலில் பீடத்துக்குப் பூ அடுக்கும் ஆன்ட்டி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானம்மா அன்னிக்கு அப்பா தோள்ல உக்காந்து பாத்தது? நீ சொன்னதக் கேட்டு வீட்டுக்குப் போயும் அழுதேன் நான்."

அக்கா என் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி நின்றாள்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) "நான் இல்ல ஆன்ட்டி, இவங்கதான்," என்று அக்காவை முன்னால் தள்ளினேன். ஆன்ட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா முதல்முறையாக, தன் வாயால்

(அழகாக இருக்கிறது. இதை அகிலனிடம் கொடுத்தால் அட்டையிலேயே பெயர் போடுவார்.)

(ஆ) நான் வாயைத் திறக்குமுன் செரினாவைப்போல யாராவது வந்து உண்மையைப் போட்டு உடைத்தார்கள். என் வேலை மிச்சம்.

(இ) "ஆமா ஆன்ட்டி," என்றேன்.

நடந்தது (இ). சிரித்துக்கொண்டே சொன்னேன். தெரிந்து சொன்னேன். ஏழு வயதும் இல்லை, அம்மையும் இல்லை. நாற்பத்தைந்து வயது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, ஆன்ட்டி சந்தோஷமாக இருந்தார், விளக்கிச் சொல்ல நேரமில்லை என்றெல்லாம் உங்களிடம் சொல்லலாம். எனக்கு அந்தக் கண்ணீர் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? "எங்க அப்பாவுக்கு இவமேல ரொம்பப் பிரியம்," என்று ஆன்ட்டியிடம் எடுத்துக் கொடுத்தாள்.

8

திரும்பும்போது ரயிலில் சரியான நெரிசல். ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"அன்னிக்கு அப்பா உன்கிட்ட ஏதாவது சொன்னாராக்கா? தோள்ல வச்சிருக்கும்போது?"

"ம். சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள்:

"சொல்ல மாட்டேன் ஜெனி. சொன்னா, ரெண்டு வருஷத்துல அது உன்கிட்ட சொன்னதா ஆயிரும்."

அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. என் கைப்பையின் ஜிப் திறந்திருந்ததை இழுத்து மூடிவிட்டு இறங்கிப் போனாள்.

9

அகிலனுக்கு அனுப்புவதற்கு முன் இந்தப் பிரதியில் அப்பா சொன்னதை மட்டும் எப்படியாவது எழுதிப் பார்க்க முயன்றேன். "மேரி, பயப்படாத" என்று ஒன்று. "நீயும் என்

விட்டுவிட்டேன். எழுதியது எல்லாம் என் குரலில்தான் இருந்தது. இன்னும் இரண்டு முறை எழுதினால் நானே நம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அக்கா இதைப் படிக்க மாட்டாள். ஜெபப் புத்தகம் தவிர தமிழில் அவள் எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். அவளிடம் நேரில் சொல்ல வேண்டிய மன்னிப்பை முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு வெட்கம்தான். நேரில் சொன்னால், "விடு லா" என்று இரண்டே வார்த்தையில் என்னைக் காப்பாற்றிவிடுவாள். அது எனக்கு வேண்டாம்.

அதனால் இந்தக் கதையை நான் முடிக்கவில்லை. முடிக்க உரிமையுள்ளவள் ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் பிறகு எங்கள் கோவில் மண்டபத்தில் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் குண்டாக, கண்ணாடி போட்டு, யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல். போய்க் காப்பி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வழக்கப்படி, எய்ட்டி சிக்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேளுங்கள். முதலில் என்னைத்தான் கை காட்டுவாள். "என் தங்கச்சிகிட்ட கேளுங்க, அவ நல்லா சொல்லுவா" என்பாள். நகராதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் நான் போகும்வரை பொறுத்திருந்து கேளுங்கள்.

அவள் சொல்வதை என்னிடம் மட்டும் வந்து சொல்லாதீர்கள்.